கூடிப் பேசி முடிவெடுக்கும்போது புது அறிவு எங்கிருந்து வருகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு நிறுவனம் சிக்கலான முடிவொன்றை எடுக்க வேண்டியிருக்கிறது. பல துறைகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைக்கிறார்கள். பேச்சை நடத்திக்கொடுக்க ஒரு நெறியாளர், ஃபெசிலிடேட்டர் என்பார்களே, அவர் வருகிறார். ஒன்றிரண்டு நாள் பேசுகிறார்கள், சுவர் முழுக்கச் சீட்டு ஒட்டுகிறார்கள், கோடு இழுக்கிறார்கள், கடைசியில் ஒரு முடிவோடு கலைகிறார்கள். இப்படிப்பட்ட பட்டறையில் புது அறிவு என்று ஏதாவது உண்மையிலேயே உருவாகிறதா? அல்லது அவரவருக்கு முன்பே தெரிந்ததை ஓரிடத்தில் கொட்டுவது மட்டும்தானா? குழு நடந்துகொள்ளும் விதத்துக்கு இதில் என்ன பங்கு?

பல வருடங்களாக இந்த நெறியாளர் வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: புது அறிவு உருவாகலாம், ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் உருவாவதில்லை. கொட்டுவதுகூட முழுசாக நடப்பதில்லை. எந்த முறையைப் பின்பற்றினார்கள், எந்த மென்பொருளை வைத்தார்கள் என்பதைவிட ஆட்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே இதைத் தீர்மானிக்கிறது. ‘தலைமைப் பண்பு’, ‘குழு மனப்பான்மை’ என்று பெரிதாகப் பேசப்படும் சமாச்சாரங்களை மனதில் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. யாரும் எதிர்பார்க்காத ஒன்றை ஒருவர் சொன்னதும், அடுத்த ஐந்தாறு நொடிகளில் அந்த அறை என்ன செய்கிறது? அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு சம்பவத்தை வைத்துப் பேசினால் எளிதாக இருக்கும்.

ஒரு தொழிற்சாலையில் பம்புகள் அடிக்கடி ஒழுகி நின்றுகொண்டிருந்தன. மொத்தமாக மாற்றிவிடுவதா, பழுதுபார்த்தே இன்னும் சில வருடம் ஓட்டுவதா என்று முடிவெடுக்க 12 பேர் கூடினார்கள். ஆலை மேலாளர் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தை முடித்துவிட்டார்: “மெஷின் பழசாயிடுச்சு, வேறென்ன.” எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் சுவரில் ஏறிய சீட்டுகளைப் பார்த்தால் வயது, தேய்மானம், பழைய மாடல், உதிரிபாகச் செலவு என்று எல்லாம் ஒரே விஷயத்தின் பங்காளிகளாகவே இருந்தன. உதிரிபாகப் பேச்சு ஓடும்போது, கதவோரம் உட்கார்ந்திருந்த ஸ்டோர் கீப்பர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “சீலுக்கு மட்டும் தட்டுப்பாடே கிடையாது சார். ரெண்டு வருஷத்துக்கு வாங்கி வெச்சிருக்கோம்.” (சீல் என்பது பம்ப் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்.) “அதாவது இருக்கே, சந்தோஷம்” என்று யாரோ சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்தது. பேச்சு நகர்ந்துவிட்டது. நானும் ‘சீல் இருப்பு: பிரச்சினை இல்லை’ என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டேன்.

எதிர்ப் பக்கம் இருந்த ஃபிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டோர் கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னண்ணே?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல சார்” என்றார். நான் அடுத்த ஆளிடம் போகாமல் கொஞ்சம் சும்மா நின்றேன். “இல்ல... ரெண்டு வருஷமா உள்ளேயே கிடக்குதா? அதான் கல்லு மாதிரி இருக்கா?”

அவருடைய கருவிப்பெட்டியில் அவசரத்துக்கு வெளியே வாங்கிய புது சீல் ஒன்று கிடந்தது. ஸ்டோரிலிருந்து ஒன்று வரவழைத்தோம். இரண்டையும் மேசையைச் சுற்றி அனுப்பினோம். ஆளாளுக்கு விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். ஒன்று அமுங்கியது, இன்னொன்று அமுங்கவே இல்லை. ரப்பர் சூட்டில் கிடந்தால் நாளடைவில் இறுகிப்போகும் என்பது ஃபிட்டருக்குத் தெரியும். அந்த அலமாரி நீராவிக் குழாய் போகும் சுவரை ஒட்டி இருக்கிறது என்பது ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும். மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாங்குகிறோம் என்பது கொள்முதல் அதிகாரிக்குத் தெரியும். உற்பத்தித் திட்டம் போடும் பெண்மணி தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புது சரக்கு வந்த பிறகு சில மாதம் பம்ப் நிற்பது குறைகிறது, அப்புறம் ஏறிக்கொண்டே போகிறது என்றார். அவரிடம் அந்தக் கணக்கு எப்போதும் இருந்தது. அதைச் சரக்கு வந்த தேதியோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவருக்கும்தான்.

காலையில் அந்த அறைக்குள் வந்த ஒருவருக்குக்கூட ‘நாம் வாங்கும் முறையும் வைக்கும் இடமும் சேர்ந்துதான் பம்பை ஒழுக விடுகின்றன’ என்பது தெரியாது. மதியம் எல்லோருக்கும் தெரிந்தது. புது அறிவு என்று நான் சொல்வது இதை. யாரோ ஒருவர் மறைத்துவைத்திருந்த தகவலாக இருந்தால், நல்ல கேள்வித்தாள் ஒன்று அனுப்பி வாங்கியிருக்கலாம். இங்கே துண்டுகள்தான் இருந்தன. ஒருவர் சொன்னது இன்னொருவரின் அனுபவத்தில் போய் மோதியபோதுதான் அவற்றுக்கு இடையிலான தொடர்பு உண்டானது. ‘கல்லு மாதிரி இருக்கா’ என்பது ஃபிட்டரின் விரலில் இருந்த அறிவு. வார்த்தையாக அது அதுவரை வெளியே வந்ததில்லை. ஜப்பானியப் பேராசிரியர் இகுஜிரோ நோனாகா 1990-களில் நிறுவனங்களில் அறிவு உருவாவது பற்றி எழுதியபோது, சொல்லில் வராத இந்த அனுபவ அறிவு சொல்லாக மாறும் கட்டத்தைத்தான் மையத்தில் வைத்தார். அந்தக் கட்டத்தை ஆள் தனியாகக் கடப்பது அரிது. எதிரே இருப்பவர் எதையாவது சொல்லி உசுப்ப வேண்டும்.

இதே சம்பவம் எத்தனை எளிதாக நடக்காமல் போயிருக்கும் என்பதையும் பாருங்கள். ஸ்டோர் கீப்பரின் வாக்கியத்தைச் சிரிப்பு மூடிவிட்டது. என் சீட்டு அதற்குச் சமாதி கட்டிவிட்டது. ஃபிட்டர் “ஒண்ணுமில்ல” என்று சொல்லியும் விட்டார். மூன்று முறை செத்துப் பிழைத்தது அது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. 1985-இல் கேரால்ட் ஸ்டாஸரும் வில்லியம் டைட்டஸும் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று கற்பனை வேட்பாளர்கள். நால்வர் குழு பேசி ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாத் தகவலையும் நால்வருக்கும் கொடுத்தபோது 83 சதவீதக் குழுக்கள் சிறந்த வேட்பாளரையே தேர்ந்தெடுத்தன. அடுத்து, அதே தகவல்களில் அந்தச் சிறந்த வேட்பாளரின் நல்ல அம்சங்கள் போன்ற சிலவற்றை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நால்வரும் கையிலிருப்பதைக் கொட்டினால் முழுச் சித்திரம் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை. கால்வாசிக்கும் குறைவான குழுக்களே சரியான ஆளைப் பிடித்தன. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வாயிலிருந்து வரவில்லை, வந்தாலும் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. பிறகு வந்த இதுபோன்ற 65 ஆய்வுகளை 2012-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தகவல் இப்படிச் சிதறிக் கிடக்கும் குழு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, முழுத் தகவலும் கையில் இருக்கும் குழுவைவிட எட்டு மடங்கு குறைவு என்று தெரிந்தது.

கூடிப் பேசினாலே நல்ல முடிவு வரும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பட்டறை கூட்டுவதன் நோக்கமே சிதறிக் கிடப்பதைச் சேர்ப்பதுதான். சேர்க்க வேண்டிய இடத்தில்தான் குழு சறுக்குகிறது.

இதற்கான காரணங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது தலையாட்டல். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நீங்கள் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், உங்களை விஷயம் தெரிந்தவர் என்று நினைப்பார்கள், உங்களுக்கும் தெம்பு வரும், இன்னும் அதையே பேசுவீர்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் யாராலும் சரிபார்க்க முடியாது, ஒரு மௌனம் வரும். க்வென் விட்டன்பாமும் அவருடைய சகாக்களும் 1999-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்: பொதுவான தகவலைப் பேசுபவரை மற்றவர்கள் திறமைசாலியாக மதிப்பிடுகிறார்கள், பேசியவரும் தன்னை அப்படியே மதிப்பிட்டுக்கொள்கிறார். ஆக, அறைக்குப் புதிதாக எதையும் தராதவருக்குத்தான் மரியாதை கூடுகிறது. கதவோரம் உட்கார்ந்திருக்கும் ஸ்டோர் கீப்பர் ஏன் முக்கால் மணி நேரம் பேசவில்லை என்று யாரும் குழம்ப வேண்டியதில்லை.

இன்னொன்று, ‘யார் யார் எந்தப் பக்கம்?’ என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது. நல்லெண்ணத்தில் செய்யும் காரியம்தான், நானும் தொடக்க காலத்தில் செய்திருக்கிறேன். ஆண்ட்ரியாஸ் மோய்சிஷும் ஸ்டெஃபான் ஷுல்ஸ்-ஹார்ட்டும் 2010-இல் காட்டியது, மற்றவர்களின் விருப்பம் என்ன என்று முதலிலேயே தெரிந்துகொண்டவர்கள் அதன் பிறகு வரும் தகவலைச் சரியாகக் கவனிப்பதில்லை என்பது. எண்ணிக்கை தெரிந்துவிட்டால் காது பாதி மூடிக்கொள்கிறது. பம்ப் பட்டறையில் ஆலை மேலாளரின் முதல் வாக்கியம் செய்ததும் அதுதான். மனிதர் சர்வாதிகாரி எல்லாம் இல்லை, நல்லவர். ஆனால் அவர் முதலில் பேசினார்.

உளவியலாளர் சாலமன் ஆஷின் கோடு அளக்கும் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்கு நேராகத் தெரியும் நீளத்தைக் கூட்டம் தப்பாகச் சொன்னால், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை நாமும் தப்பாகச் சொல்கிறோம் என்று 1950-களில் அவர் காட்டினார். அதில் நான் பிடித்துக்கொள்வது அவ்வளவாகப் பேசப்படாத பகுதியை: கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால், இப்படி இணங்கிப்போவது கால்வாசியாகக் குறைந்தது. ஒரே ஒரு துணை போதும். “என்னண்ணே?” என்ற கேள்வி ஃபிட்டருக்கு அப்படி ஒரு துணையாக இருந்திருக்கலாம்.

சரி, பேசவே விடாமல் எழுத வைத்துவிட்டால்? பலர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், அதற்கு நியாயமும் இருக்கிறது. குழுவாகக் கூடி யோசனைகளைக் கொட்டும் ‘பிரெயின்ஸ்டார்மிங்’ முறையை அலெக்ஸ் ஆஸ்போர்ன் பிரபலமாக்கிய சில வருடங்களிலேயே, 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். நான்கு பேர் தனித்தனியாக எழுதியதைக் கூட்டினால் வந்த யோசனைகள், நான்கு பேர் கூடிப் பேசியபோது வந்ததைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. 1987-இல் மைக்கேல் டீலும் வுல்ஃப்காங் ஸ்ட்ரோபேயும் முக்கியக் காரணத்தைப் பிடித்தார்கள்: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நம் முறைக்காகக் காத்திருக்கும்போது மனதில் இருப்பது மங்கிவிடுகிறது, அல்லது இனிமேல் சொல்லி என்ன என்று தோன்றிவிடுகிறது. இந்தக் காரணம் பிடிபடுவதற்கு முன்பே ஆண்ட்ரே டெல்பெக்கும் ஆண்ட்ரூ வான் டி வென்னும் 1971-இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். முதலில் அமைதியாக எழுதுவது, பிறகு வரிசையாக ஆளுக்கு ஒன்றாகச் சொல்வது, அப்புறம் விளக்கம் கேட்பது, கடைசியில் தனித்தனியாக வாக்கு. இன்றைக்கும் உருப்படியான முறை. நான் அநேகமாக எல்லாப் பட்டறையிலும் முதல் இருபது நிமிடத்தை இதற்குத்தான் ஒதுக்குகிறேன்.

ஆனால் இதில் ஒரு வரம்பு இருக்கிறது. எழுத வைப்பது சேகரிக்கும், இணைக்காது. அன்று காலையில் எல்லோரையும் எழுத வைத்திருந்தால் ஸ்டோர் கீப்பர் சீல் கையிருப்பு பற்றி எழுதியிருப்பாரா? தட்டுப்பாடு இல்லாத ஒன்றைப் பிரச்சினைப் பட்டியலில் யார் எழுதுவார்கள்? அது தகவல் என்றே அவருக்குத் தெரியாது. ஃபிட்டரின் காதில் விழுந்த பிறகுதான் அது தகவலானது. ஆகவே மௌனமும் வேண்டும், பேச்சும் வேண்டும், எதை எப்போது என்பதில்தான் நெறியாளரின் கைத்திறன். பெயர் தெரியாமல் கணினியில் தட்டச்சு செய்து எல்லோருடைய கருத்தையும் திரையில் காட்டும் கருவிகளுக்கும் இது பொருந்தும். பதவி பயத்தை அவை நன்றாகக் குறைக்கும். ஆனால் ஒருவர் முகம் மாறுவதைத் திரை காட்டாது.

இனி சுவருக்கு வருவோம். இந்தப் பட்டறைகளில் பொதுவாக ஒரு படம் நடுவில் இருக்கும். 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் லாரன்ஸ் ஃபிலிப்ஸ் வளர்த்தெடுத்த முடிவு மாநாடுகளில் அது மதிப்பெண்ணும் எடையும் போட்ட அட்டவணை. காலின் ஈடனும் ஃப்ரான் ஆக்கர்மனும் உருவாக்கிய முறையில் எது எதற்குக் காரணம் என்று அம்பு போட்ட வரைபடம். யாக் ஃபென்னிக்ஸ் 1996-இல் விரிவாக எழுதிய முறையில் காரணமும் விளைவும் ஒன்றையொன்று மாற்றி வளையமாகச் சுழலும் மாதிரி. வடிவம் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். பேச்சு காற்றில் போய்விடும், படம் நிற்கும். அதைவிட முக்கியம், ‘நீ சொல்வது தப்பு’ என்பதை ‘இந்த அம்பு இங்கே வரக்கூடாது’ என்று மாற்றிவிடலாம். விரல் ஆளைச் சுட்டாமல் சுவரைச் சுட்டுகிறது. மேலதிகாரியோடு முரண்படுவதைவிட மேலதிகாரி போட்ட அம்போடு முரண்படுவது எளிது.

வெவ்வேறு தொழில் செய்கிறவர்கள், ஆளுக்கொரு அர்த்தத்தில், ஆனால் சேர்ந்து வேலை செய்யுமளவுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் இப்படிப்பட்ட பொருளுக்கு சூசன் லீ ஸ்டாரும் ஜேம்ஸ் கிரீஸ்மரும் 1989-இல் ‘எல்லைப் பொருள்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது பெர்க்லியில் உள்ள ஒரு விலங்கியல் அருங்காட்சியகத்தின் ஆரம்ப காலத்தை. விஞ்ஞானிகள், பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்கள், பொறி வைத்துப் பிடிப்பவர்கள், நிர்வாகிகள் எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்காமலே எப்படி ஒன்றாக வேலை செய்தார்கள் என்பது கேள்வி. மாதிரிகளும் குறிப்புப் படிவங்களும் வரைபடங்களும் அவர்களை இணைத்தன. அன்றைக்கு எங்கள் மேசையில் அந்த வேலையைச் செய்தது சுவரிலிருந்த படம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மெனக்கெட்டுப் போட்ட காரண வரைபடத்தை ஒரு ரப்பர் வளையம் தோற்கடித்துவிட்டது. நிதித் துறைக்காரருக்கு இழுவிசையும் தெரியாது, ரப்பர் வகையும் தெரியாது. அமுக்கிப் பார்க்கத் தெரியும்.

ரப்பர் வளையம் என்றதும் சேலஞ்சர் நினைவுக்கு வராமல் இருக்காது. 1986 ஜனவரி 28 அன்று அந்த விண்வெளி ஓடம் கிளம்பி 73 நொடிகளில் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட் மோட்டாரின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவைத் தடுக்க முடியாமல் போனது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிப்ரவரி 11 அன்று நடந்த பொது விசாரணையில் அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்று காட்டினார். அதுவும் அமுக்கிப் பார்த்த கதைதான்.

ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது அதற்கு முந்தைய இரவு. ஜனவரி 27 இரவு மோட்டாரைத் தயாரித்த மார்ட்டன் தயகோல் நிறுவனத்தின் பொறியாளர்களும் நாசாவும் தொலைபேசியில் கூடிப் பேசினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். நாசா பக்கம் பிடிக்கவில்லை. தயகோல் தரப்பு இணைப்பைத் துண்டித்துத் தனியாகப் பேசியது. அப்போது மூத்த நிர்வாகி ஒருவர் பொறியியல் பிரிவின் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றி நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான்கு நிர்வாகிகள் மட்டும் முடிவெடுத்தார்கள். திரும்ப இணைப்புக்கு வந்தபோது பரிந்துரை தலைகீழாகியிருந்தது.

இதில் வேண்டிய அறிவு இல்லாமல் போகவில்லை. முந்தைய பயணங்களின் கணக்கே கையில் இருந்தது. 63 டிகிரியிலோ அதற்குக் கீழோ பறந்த நான்கு பயணங்களிலும் வளையம் பாதிக்கப்பட்டிருந்தது. 66 டிகிரியிலும் அதற்கு மேலும் பறந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பாதிப்பு. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து வரைந்தால்தான் இது கண்ணில் படும் என்பதை விசாரணைக் குழு பின்னர் சுட்டிக்காட்டியது. அன்றிரவு அப்படி யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ‘பாதுகாப்பானது என்று நிரூபி’ என்பது ‘பாதுகாப்பு இல்லை என்று நிரூபி’ என்று மாறிவிட்டிருந்தது. கேள்வி அப்படிப் புரண்ட பிறகு, தயங்கித் தயங்கிப் பேசுகிறவருக்கு அந்த அறையில் இடமில்லை. புது அறிவு முதலில் வரும்போது தயக்கமாகத்தான் வரும். ‘எனக்கென்னவோ...’, ‘சரியாத் தெரியல, ஆனா...’ என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களை நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன்.

இதோடு சேர்ந்ததுதான், கையில் இருப்பதை இழக்க நேரும் பிரச்சினை. அறிவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சும்மா தெரிந்துகொள்வதற்காக உட்கார்ந்திருப்பதுபோல் பேசிவிடுகிறோம். பால் கார்லைல் 2000-களின் தொடக்கத்தில் இதை நன்றாகப் பிரித்துக் காட்டினார். துறைகளுக்கு இடையே சில நேரம் சொல் புரியாததுதான் சிக்கல். சில நேரம் சொல் ஒன்று, அர்த்தம் வேறு. மூன்றாவது வகைதான் கடினம்: புது அறிவு வந்தால் ஒருவர் இத்தனை நாள் பாடுபட்டுச் சேர்த்த அறிவுக்கு மதிப்பு குறைகிறது. எங்கள் கொள்முதல் அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்தது அவருடைய சாதனை, அதற்காகப் பாராட்டும் வாங்கியவர். சீல் மேசையைச் சுற்றி வந்தபோது அவர் மட்டும் அமுக்கவில்லை, பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். “அப்போ எல்லாத்துக்கும் பர்ச்சேஸ்தான் காரணமா?” என்று அடுத்து அவர் கேட்டபோது அறை இறுகிவிட்டது. அந்த இடத்தில் விளக்கம் கொடுத்துப் பயனில்லை. குறைந்த விலைக்கு வாங்கச் சொன்ன விதியை அவரா போட்டார் என்று நான் ஆலை மேலாளரைக் கேட்டேன். “இல்ல, அது நாங்க கொடுத்த டார்கெட்” என்றார். அப்புறம்தான் கொள்முதல் அதிகாரியால், விலையை விட்டுக்கொடுக்காமல் சிறு சிறு தவணையாக அனுப்பச் சொல்லி ஒப்பந்தம் போட முடியும் என்று சொல்ல முடிந்தது. அதுவும் புது அறிவுதான். ஆனால் தன் முகம் காப்பாற்றப்பட்ட பிறகே வெளியே வந்தது.

தவறைச் சொன்னால் தண்டனையோ கேலியோ கிடைக்காது என்ற நம்பிக்கை இருக்கும் குழுக்கள்தான் கற்றுக்கொள்கின்றன என்று ஏமி எட்மண்ட்சன் 1999-இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து சொன்னார். இதை இப்போது எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, பட்டறைக்குள் வந்ததும் “இங்கே யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம்” என்று அறிவித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அறிவிப்பை யாரும் நம்புவதில்லை. முதலில் வாய் திறந்தவருக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் முடிவு செய்வார்கள்.

எதிர்வாதம் செய்ய ஒருவரை நியமிக்கும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சார்லன் நெமத்தின் ஆய்வுகளும் அதையே சொல்கின்றன: வேடம் போட்ட எதிர்ப்பாளரைவிட, உண்மையாகவே உடன்படாத ஒருவர் குழுவை அதிகம் யோசிக்க வைக்கிறார். வேடம் என்று தெரிந்ததும் எல்லோரும் ரசித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். கேரி க்ளைன் சொல்லும் முறை இதைவிடத் தேவலை. ‘ஒரு வருடம் ஆகிவிட்டது, நம் முடிவு படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன் என்று எழுதுங்கள்’ என்று எல்லோரையும் கேட்பது. அங்கே சந்தேகப்படுவது எல்லோருடைய வேலையாகிவிடுகிறது.

கடைசியாக நெறியாளரின் குற்றங்கள். இதைப் பற்றி எங்கள் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் குற்றவாளிகள் நாங்களே. பேனா எங்கள் கையில் இருக்கிறது. ஒருவர் இரண்டு நிமிடம் பேசியதை நான்கு வார்த்தையாக்கும்போது எதை விடுகிறோம் என்பது பெரிய அதிகாரம். ‘ரெண்டு வருஷத்துக்கு வாங்கி வெச்சிருக்கோம்’ என்பதை ‘பிரச்சினை இல்லை’ என்று நான் மாற்றியபோது, புது அறிவுக்கு வேண்டிய ஒரே சொல்லைத் தூக்கி எறிந்தேன். ‘ரெண்டு வருஷம்’. அன்றிலிருந்து முடிந்தவரை அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுகிறேன், கொச்சையாக இருந்தாலும் சரி. அறிக்கையில் படிக்க நன்றாக இருக்காது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னொரு குற்றம் அவசரம். மாலை நாலு மணிக்கு மேல் எல்லோரும் களைத்திருப்பார்கள், நெறியாளருக்கும் முடிவு வேண்டும். ‘அப்போ எல்லோரும் ஒத்துக்கிட்ட மாதிரிதானே?’ என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த ஒப்புதலில் அறிவு எதுவும் இருக்காது, வீட்டுக்குப் போகும் ஆசைதான் இருக்கும். முடிந்தால் வாக்கெடுப்பை அடுத்த நாள் காலைக்குத் தள்ளிவிடுகிறேன். இரவில் ஒருவராவது மனம் மாறி வருவார். மாறியதற்கு அவர் சொல்லும் காரணத்தில் பெரும்பாலும் ஏதாவது விஷயம் இருக்கும்.

நடந்தது புது அறிவா, வெறும் ஒப்புதலா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டால், என்னிடம் ஒரு சின்ன வழி இருக்கிறது. கலைவதற்கு முன் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து இரண்டு வரி எழுதச் சொல்வேன்: காலையில் தெரியாமல் இருந்து இப்போது தெரிந்த ஒன்று, அது யார் சொன்னதிலிருந்து வந்தது. எல்லோரும் மேலதிகாரியின் பெயரையே எழுதியிருந்தால் அன்று நடந்தது கூட்டம், பட்டறை அல்ல. பம்ப் பட்டறையில் ஒன்பது பேர் சீல் விஷயத்தை எழுதியிருந்தார்கள், பெரும்பாலும் ஃபிட்டரின் பெயரைப் போட்டு. ஃபிட்டர் ஸ்டோர் கீப்பரின் பெயரை எழுதியிருந்தார். ஸ்டோர் கீப்பரின் சீட்டில் பெயர் எதுவும் இல்லை, ஒரு வரி மட்டும்: “ரப்பர் கெட்டுப்போகும்னு எனக்கு இத்தனை நாளா யாரும் சொல்லல.”